மாநகரத் தந்தை சிவராஜ்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில், நம் முன்னோருள் ஒருவரது வாழ்வை இளைஞர்கட்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும். இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. ராஜா ஆகியோரின் பெயர்கள் நம் இல்லங்களில் ஓரளவேனும் ஒலித்து வருகின்றன. சீனிவாசனார் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் என்பதனால் அவரிடம் நமக்குத் தனி உரிமையும் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின் அதே சுமையைத் தோளில் ஏற்ற தந்தை என். சிவராஜ் அவர்களைப் பற்றி நம் இளைஞருள் பலரும் அறியார். சென்னை மாநகரின் மேயராக வீற்றிருந்தவர்; அண்ணல் அம்பேத்கரின் அனைத்திந்தியக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர்; 1957 முதல் 1962 வரை செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினராக விளங்கியவர். இவரது வரலாற்றை அறிதல், நாம் ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்கொள்ளும் ஒரு கேள்விக்கு விடை தேடுதலும் ஆகும். நமக்கெனக் கிடைத்த பதவியை நாம் எவ்வாறு ஆளுவது என்பதே அக்கேள்வி.

குடும்பும் வட்டமும்

அவர் வரலாற்றுக்குள் புகுமுன், நம் ஊரையும் அண்டையிலுள்ள உத்திரமேரூரையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நலம். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். குடும்பு என்பதே இன்றைய வார்டு. பதவிக்காலம் 360 நாள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வர இயலாது. இவ்வளவு செம்மையான விதிகள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் மண்ணில் இருந்தன என்பது பெருமைக்குரியதே.

ஆயினும் தகுதி எதுவெனவும் அக்கல்வெட்டே கூறுகின்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டிருத்தல் வேண்டும். வேதம் அறிந்திருத்தல் வேண்டும். ஏரிக்கரையை உயர்த்தியோரும் வயலை உழுதோரும் அவ்வோலையில் இடம் பெற்றிலர். நம் திருமுக்கூடலிலும் நிலை வேறன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் வேதம் பயிலும் மாணவர்க்கான கல்விக்கூடத்தையும் அவர்கட்குரிய உணவையும் விரிவாகக் குறிக்கின்றது. பயின்றவர் எவர் என்பதை அக்கல்வெட்டே உரைக்கின்றது. நம்மவர்க்கு அங்கு இடமில்லை.

நிலமும் கல்வியும் உடையவர்க்கே ஊராட்சி என்னும் இவ்விதி சோழரோடு மறைந்துவிடவில்லை. கடல் கடந்து வந்தோர் அமைத்த சென்னை மாநகராட்சியிலும் அதுவே வேறுருவில் நின்றது. அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் 1687 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டயம் வழங்கப்பெற்று, 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் தொடங்கிய அம்மாநகராட்சி, பின்னர்ப் பல சட்டங்களால் உருமாறியது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் எண்ணிக்கையை 36-லிருந்து 50 ஆக உயர்த்தியது. சர் பிட்டி தியாகராயர் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவரானார். 1933-இல் தலைவர் என்னும் பெயர் மேயர் என மாறிற்று. நகரம் டிவிஷன்கள் எனப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. எனினும் வரி செலுத்துவோருக்கும் குறிப்பிட்ட அளவு வாடகை கொடுப்போருக்குமே வாக்கு. குடிசை வாழ் மக்கள் அவ்வட்டத்தின் எல்லைக்குள் வாழ்ந்தனர். அதன் வாக்காளர் பட்டியலில் வாழவில்லை. எனவேதான் அந்நாளில் நம் பிரதிநிதிகள் பெரும்பாலும் அரசின் நியமனத்தாலேயே அவைகளில் அமர நேர்ந்தது.

பிறப்பும் கல்வியும்

சிவராஜ் அவர்கள் 1892 செப்டம்பர் 29-ஆம் நாள் கடப்பையில் பிறந்தார். தந்தையார் பெயர் நமசிவாயம். சென்னையில் பயின்று பட்டம் பெற்று, பின் சட்டக் கல்லூரியிற் சேர்ந்து வழக்கறிஞரானார். பயின்ற சட்டக் கல்லூரியிலேயே பல ஆண்டுகள் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

இச்செய்தியை நம் இளைஞர்கள் எளிதாக எண்ணிக் கடந்துவிடலாகாது. நம் குழந்தைகள் பள்ளித் திண்ணையில் ஏறுவதற்கே வழக்காட வேண்டியிருந்த காலம் அது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் நிறைவேற்றியதே 1924-இல்தான். நம்மைக் குறித்த பழைய இழிபெயர்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி ஆதிதிராவிடர் என வழங்கும் தீர்மானம், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922-இல் நிறைவேறியது. அத்தகைய காலத்தில், நாட்டின் சட்டத்தைப் பிறருக்குக் கற்பிக்கும் இருக்கையில் நம்மவர் ஒருவர் அமர்ந்தார். முற்பட்ட வகுப்பு மாணவர்கள் அவர்முன் அமர்ந்து பாடம் கேட்டனர். பின்னாளில் அவர் பெற்ற பதவிகளுக்கெல்லாம் இதுவே அடித்தளமாயிற்று.

அவரது இல்லறமும் பொதுவாழ்வோடு பிணைந்ததே. துணைவியார் அன்னை மீனாம்பாள் 1904-இல் இரங்கூனில் பிறந்தவர். மீனாம்பாளின் தந்தையார் வி. ஜி. வாசுதேவப் பிள்ளை, சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் எனப் போற்றப்படுபவர். ஆகவே வட்டம், வரி, குழாய், கால்வாய், பள்ளி என்னும் சொற்கள் அவ்வில்லத்தில் அன்றாடம் புழங்கிய சொற்களாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அந்நாளைய சென்னை

வெளியூரில் வாழும் நமக்குச் சென்னை என்றால் உயர்ந்த மாளிகைகளே நினைவுக்கு வரும். கோட்டையைச் சூழ்ந்த நகரின் பழைய வரைபடங்களில் நம் குடியிருப்புகளும் சேரி என்னும் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளன. அந்நகரைக் கட்டிய கூலியாட்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியோர், வெள்ளையர் இல்லங்களில் பணிபுரிந்தோர், ஆலைகளில் உழைத்தோர் எனப் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். அவருள் நம் மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்றவர் பலர். புளியந்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகள் இவ்வாறே நம்மவர் செறிந்த பகுதிகளாயின.

நெருங்கி வாழ்ந்தமையால் வலிமை பிறந்தது, துன்பமும் பிறந்தது. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, பணிக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் வேலைநிறுத்தம் செய்த பிற சாதித் தொழிலாளருக்கும் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஒரே ஆலையில் உழைத்த ஏழைகளைச் சாதி பிரித்த அக்கொடுமை, நகர அரசியலிலும் ஆறாத வடுவை விட்டுச் சென்றது. அரசியற் கட்சிகள் யாவும் இதில் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தன. நம்மவர்க்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

இந்தச் சூழலில்தான் சிவராஜ் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார். நீதிக்கட்சியின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. 1926-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, 1937 வரை அங்குப் பணியாற்றினார். பின்னர் டில்லியில் மத்திய சட்டமன்றத்திலும் அமர்ந்தார். ராவ் பகதூர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

கூட்டமைப்பின் தலைவர்

1942 ஜூலைத் திங்களில் நாகபுரியில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. அண்ணல் அம்பேத்கர் அழைத்த அம்மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர் சிவராஜ். அங்கு உருவான அனைத்திந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார். வடக்கே மராட்டியமும் தெற்கே தமிழகமும் ஓரணியில் நின்றதன் அடையாளம் அது. 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னைக்கு வந்தபோது, அவர் பங்கேற்ற மகளிர் மாநாட்டிற்கு அன்னை மீனாம்பாள் தலைமை தாங்கினார்.

1945-ஆம் ஆண்டு சிவராஜின் வாழ்வில் உச்சமான ஆண்டு எனலாம். இந்திய விடுதலை பற்றிப் பேச வைசிராய் வேவல் பிரபு சிம்லாவில் ஜூன், ஜூலைத் திங்களில் தலைவர்களைக் கூட்டினார். காங்கிரசுக்கும் முஸ்லிம் லீக்கிற்கும் அழைப்பு. சீக்கியர் சார்பில் மாஸ்டர் தாராசிங்கிற்கு அழைப்பு. பட்டியல் சாதியினர் சார்பில் அழைக்கப்பெற்றவர் சிவராஜ். நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யும் மேசையில் நம் மக்களுக்கென ஒரு நாற்காலி போடப்பட்டது. அதில் தென்னாட்டவர் ஒருவர் அமர்ந்தார். மாநாடு முடிவின்றிக் கலைந்தது என்பது வேறு செய்தி.

மேயர் இருக்கை

அவ்வாண்டிலேயே சிவராஜ் சென்னை மாநகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945-46 அவரது பதவிக்காலம். நம்மவருள் அவ்விருக்கையில் முதலில் அமர்ந்தவர் 1937-38-இல் மேயரான ஜே. சிவசண்முகம் பிள்ளை ஆவார். பின்னாளில் அவர் காங்கிரசின் வழி நின்று, 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக விளங்கினார். சிவராஜோ கூட்டமைப்பின் வழி நின்றார். வேறு வேறு பாதையில் நடந்த இருவரும் அதே அவையின் தலைமை இருக்கையை அடைந்தனர். நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடு கொண்டோரையெல்லாம் பகைவராகக் கருதும் இளைஞர்கள் இதைச் சிந்திப்பாராக.

அந்நாள் மேயரின் அதிகாரம் எத்தகையது? மேயரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மன்ற உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை ஓராண்டுக்குத் தேர்வர். பல சமூகத்தாரும் மாறி மாறி அவ்விருக்கையைப் பெறுதல் நலம் என்னும் மரபும் வளர்ந்தது. மன்றத்தை நடத்துவது மேயர். நிர்வாகத்தை நடத்துவது அரசு நியமித்த கமிஷனர். பணியாளரை அமர்த்துதல், பணத்தைச் செலவிடுதல், ஆணைகளைச் செயற்படுத்துதல் யாவும் கமிஷனரின் கையில். மேயருக்கு அங்கியும் தங்கச் சங்கிலியும் முதற்குடிமகன் என்னும் சிறப்பும் உண்டு.

அச்சிறப்பு சிறிதன்று. மாநகரின் தெருக்களைக் கூட்டியோரும் மலக்கூடைகளைச் சுமந்தோரும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே; அவருள் தெலுங்கு பேசுவோர் பலர். விடியுமுன் அம்மக்கள் துடைத்து வைத்த ரிப்பன் கட்டடத்தின் தலைமை இருக்கையில், அவர்களைப் போன்றே தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட இனத்தில் தோன்றியவர் அமர்ந்து, மாநகரின் செல்வரையும் சீமான்களையும் வரிசைப்படி பேச அழைத்தார். அக்காட்சி தந்த தன்மான உணர்வைக் கணக்கிட அளவுகோல் இல்லை.

எனினும் அவ்வோராண்டில் சேரிகள் மாறிவிட்டன என்று நாம் கூறின் அது உண்மையாகாது. உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. உணவுப் பொருள் பங்கீட்டில் கிடைத்தது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்று நகருக்கு நீர் வரத்து பெருகியும், குடிசைப் பகுதிகளில் தெருக்குழாயடியில் காத்து நிற்றல் ஒழியவில்லை. ஓராண்டுச் சிறப்புப் பதவி ஒரு சேரியின் சாக்கடையைக்கூடத் தானே திருப்பிவிட இயலாது. அதைத் திருப்புவது வேறு ஆற்றல். அது வட்டத்தில் உள்ளது.

குழாய் எத்தெருவில் அமைவது, விளக்கு எம்மூலையில் நிற்பது, கழிப்பிடம் எங்குக் கட்டப்படுவது, பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பன நிலைக்குழுக்களிலும் வரவு செலவுத் திட்டத்திலும் முடிவாகின்றன. வட்டத்தின் எல்லைக்கோடு ஒரு சேரியின் நடுவே சென்றால், அச்சேரியின் வாக்கு இரண்டு வட்டங்களில் சிதறி எங்கும் சிறுபான்மையாகும். கோடு சேரியைச் சுற்றிச் சென்றால், அதே மக்கள் ஓர் உறுப்பினரைத் தாமே அனுப்பலாம். ஆகவே எல்லை வகுக்கும் காலத்தில் விழித்திருப்பவனுக்கே தேர்தற் காலத்தில் வலிமை உண்டு. சட்டம் பயின்ற தலைமுறையொன்று நகரில் உருவாக வேண்டும் என்று சிவராஜ் போன்றோர் பாடுபட்டதன் உட்பொருள் இதுவே என நாம் கருதுகிறோம்.

தோல்வியும் உறுதியும்

1946 தேர்தலில் கூட்டமைப்பு நாடெங்கும் பெருந்தோல்வி கண்டது. 1932-இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தின்படி, தனித் தொகுதியில் முதற்கட்டத் தேர்தலில் நம்மவர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்வர். இறுதித் தேர்தலில் எல்லாச் சாதியினரும் வாக்களிப்பர். முதற்கட்டத்தில் நம் மக்களின் ஆதரவைப் பெற்றவர், இறுதியில் பிறர் வாக்குகளால் வீழ்த்தப்பட இம்முறை வழி செய்தது. நம் பெயரால் அமைந்த இருக்கையில் அமர்பவரை நாமல்லாதோர் முடிவு செய்யும் நிலை உண்டாயிற்று என்பதே கூட்டமைப்பினரின் குறை. அண்ணலே பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல இயலாது, வங்காளத்திலிருந்து செல்ல நேர்ந்தது.

இத்தோல்விக்குப் பின்னும் சிவராஜ் கொள்கையை மாற்றிக்கொண்டாரில்லை. ஜெய்பீம் என்னும் இதழின் வாயிலாகவும் கருத்துகளைப் பரப்பினார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் அரசியற் சட்டத்தின் கொடை வந்தபின், 1957-இல் செங்கற்பட்டுத் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். நிலமில்லாதவரும் எழுத்தறியாதவரும் குடிசையில் வாழ்ந்தவரும் அத்தேர்தலில் வாக்களித்தனர். குடவோலைக் காலந்தொட்டு மூடியிருந்த கதவு அவர்கட்குத் திறந்திருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1956 டிசம்பர் 6-இல், அண்ணல் மறைந்தார். அவர் கருதிய இந்தியக் குடியரசுக் கட்சி 1957 அக்டோபர் 3-இல் நாகபுரியில் தோன்றியபோது, அதன் முதல் தலைவராகச் சிவராஜே பொறுப்பேற்றார். பெருந்தலைவர் மறைந்தபின் இயக்கத்தைக் கட்டிக் காப்பது எளிதன்று. கட்சிக்குள் விரிசல்கள் விரைவிலேயே தோன்றின. 1964 செப்டம்பர் 29-ஆம் நாள், தம் 72-ஆம் பிறந்தநாளிலேயே, சிவராஜ் இயற்கை எய்தினார். சென்னை மாநகராட்சி தொடங்கிய நாளும் செப்டம்பர் 29 என்பது வியத்தகு ஒற்றுமை. அன்னை மீனாம்பாள் 1992 வரை வாழ்ந்தார். நடுவண் அரசு 2008-இல் சிவராஜ் அவர்களின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

அவருக்குப் பின்

சென்னை மேயர் பதவி பின்னரும் நம்மவர்க்கு வந்தது. 1969-70-இல் வை. பாலசுந்தரம் அவ்விருக்கையில் அமர்ந்தார். 1973-இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே இல்லை. உறுப்பினர் இல்லாத அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில், சேரியில் குழாய் உடைந்தால் முறையிடத் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒருவர் இலர். நாற்காலி இழந்த தலைவர்களினும் நாதியற்ற ஏழைகளே அதனால் மிகுதியும் வருந்தினர். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தேர்தலையும் இடஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கின. இன்று சென்னை 200 வட்டங்களைக் கொண்டது. 2022 தேர்தலில் 32 வட்டங்கள் நம்மவர்க்கென ஒதுக்கப்பெற்றன. மேயர் பதவியும் பட்டியல் சாதி மகளிர்க்கு ஒதுக்கப்பெற்று, வடசென்னையின் 74-ஆம் வட்டத்திலிருந்து வந்த ஆர். பிரியா 2022 மார்ச்சில் பதவி ஏற்றார்.

ஆனால் சட்டம் தந்த இருக்கையில் அமர்வதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தோரும் உளர். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தல் நடைபெறவே இல்லை. வன்முறை இல்லாத ஊர்களிலும், நம்மவர் தலைவராயிருக்கக் கையெழுத்தை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, கணக்கைப் பிறர் எழுதும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. நாற்காலி நம்முடையது, பேரேடு பிறருடையது. இந்நிலை மாறாதவரை ஒதுக்கீடு முழுப் பயன் தாராது.

இளைஞர்களே, சிவராஜ் அவர்களின் வாழ்வு உங்கட்குக் கூறுவது இதுதான். அவர் முதலில் கற்றார்; கற்றதைக் கற்பித்தார்; அதன்பின்னரே அவையில் அமர்ந்தார். அவையில் அமர்ந்தபோதும் தம் மக்களின் அமைப்பை விட்டு விலகவில்லை. பதவி ஓராண்டில் முடிந்தது. அமைப்பும் அறிவும் இறுதிவரை அவருடன் இருந்தன.

நீங்களும் ஊராட்சிச் சட்டத்தைப் படியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்குச் சென்று வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள்; தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். வார்டு எல்லை வகுக்கும் வரைவு வெளியாகும்போது நம் தெரு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கணக்குக் காட்டாதவன் பதவிக்கு உரியவன் அல்லன் என்று உத்திரமேரூர்க் கல் கூறுகின்றது. நம்மை விலக்கி எழுதிய கல்லேயாயினும், அவ்விதியை இன்று நடைமுறைப்படுத்தக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வேதம் கற்றோர்க்கு மட்டும் உணவும் உறையுளும் தந்த கல்விக்கூடத்தைச் சுவரிற் பொறித்து வைத்திருக்கும் ஊர் இது. அதே ஊரில் சேரிப் பிள்ளைகள் மாலைதோறும் கூடிப் பயில ஓர் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நின்று நிலவுகின்றது. இங்கிருந்து எழுந்து செல்லும் பிள்ளைகளுள் ஊராட்சி மன்றத்தின் கணக்கைத் தாமே எழுதும் தலைவர்களும், மாநகர மன்றத்தில் சட்டம் பேசும் உறுப்பினர்களும் தோன்றுவார்களாயின், தந்தை சிவராஜ் அவர்களுக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னம் அதுவேயாகும்.